தேங்காயெண்ணெய் போட்ட செயின்

அலாரம் அடித்தது. புவனேந்திரன் எழுந்து அதை நிறுத்தினான். கேத்தலில் தண்ணீர் வைத்தான். பல் விளக்கினான். முகம் கழுவினான். பண்டாரவளையில் நவம்பர் மாதத் தண்ணீர் முகத்தில் பட்டால் யாருக்கும் தூக்கம் போய்விடும். அவனுக்கும் போனது. தண்ணீர் கொதித்ததும் தேயிலைச் சாயம் ஊற்றினான். முந்தின நாள் வாங்கிய பாணில் இரண்டு துண்டு வெட்டி, மிஞ்சியிருந்த பருப்பில் தொட்டுத் தின்றான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான்.

பிறகு முன்னறையில் நின்ற சைக்கிளிடம் போனான். டயரைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தான். கிரவல் பாதைக்குக் காற்று கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். கல்லில் ஏறினால் டயர் துள்ளக் கூடாது, அமுங்க வேண்டும். முன் பிரேக், பின் பிரேக். செயினில் எண்ணெய் விட்டு, மிதியைப் பின்பக்கமாகச் சுற்றி, மிச்சத்தைத் துணியால் துடைத்தான். தினமும் இதே வரிசை. வரிசை மாறினால் நடுவில் நின்று யோசிக்க வேண்டி வரும்.

ஷுக்ரியின் போன் வந்தது.

ஷுக்ரியும் அவனும் ஒன்றாகப் பல்கலைக்கழகத்தில் சுற்றுலாத்துறை படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் ஷுக்ரி பத்து சைக்கிள்களை வாங்கிப் போட்டு, வெளிநாட்டுக்காரர்களைத் தோட்டத்துப் பாதைகளில் கூட்டிப் போகும் தொழிலைத் தொடங்கினான். வாகனமே வராத பாதை என்பதுதான் விளம்பரம். அது பொய்யும் இல்லை. கொழுந்து லொறிக்காகப் போட்ட பாதைகள் அவை; லொறி போய்விட்டால் நாய்கூடக் குறுக்கே வராது. புவனேந்திரன் வழிகாட்டி. “சைக்கிள் மிதிக்கவாடா பட்டம் எடுத்த?” என்று பதுளையில் அவன் அப்பா இன்றைக்கும் கேட்பார்.

“புவனே, எழும்பிட்டியா?”

“ம்.”

“சனிக்கிழம நாலு பேர் வாறாங்க. கீழ்ப் பாதை சரி வராது. முந்தாநாள் மழைக்கு மண் இறங்கி ரோட்டு பாதி மூடி இரிக்கி. ஆனைக்கல் பக்கமாத்தான் கொண்டு போகணும்.”

புவனேந்திரன் எண்ணெய்த் துணியை மடித்தான்.

“இன்னைக்கிப் போய் ஒருக்கா பாத்துட்டு வந்துடு மச்சான். இன்னொண்டு இரிக்கி. சொன்னா ஏசக் கூடாது.”

“சொல்லு.”

“அதுல ஒரு பொம்பள சரியான கட்டை. நம்மட சின்ன சைக்கிள் ரெண்டும் எல்ல டவுன் பக்கம் போகுது. ஜீவாட சைஸ்தான் அவளுக்குச் சரி வரும்.”

“அது ஆனைக்கல்லுல நிக்கிது.”

“தெரியும். அதான் கேக்குறன்.”

“ஒரு வருசமா மழையில நிக்கிது ஷுக்ரி. இருக்கிறது துருதான்.”

“போய்ப் பாரு. துரு எண்டா நான் வேற வழி பாக்குறன். நல்லா இரிந்தா எடுத்து வை, பின்னேரம் வேனோட வாறன்.”

புவனேந்திரன் ஹெல்மட்டை எடுத்தான். வியாழக்கிழமை. வேலை நாள். இப்போது கிளம்பினால் பெரியாயி கொழுந்து மலையில் இருப்பாள். லயத்தில் ஆள் இருக்காது. சைக்கிளை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வந்துவிடலாம்.

பெரியாயி, அவன் மனைவி ஜீவராணியின் அம்மா. ஆனைக்கல் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான பணிய லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் தனியாக இருப்பவள். ஜீவராணி பண்டாரவளையில் டீச்சராக வந்த பிறகும் சனிக்கிழமை தவறாமல் சைக்கிளில் அம்மாவைப் பார்க்கப் போவாள். போன நவம்பரிலும் ஒரு சனிக்கிழமை போனாள். ஞாயிறு காலை பக்கத்துக் காம்பராவிலிருந்து போன் வந்தது. டீச்சருக்குத் தலைவலி, வாந்தி, எழும்ப முடியவில்லை. ஷுக்ரி வேனை ஓட்ட, புவனேந்திரன் போய் அவளைத் தூக்கி ஏற்றினான். பதுளைக்கு இறங்கும் வழியிலேயே நினைவு தப்பியது. மூளையில் நரம்பு வெடித்திருக்கிறது, முன்கூட்டித் தெரிகிற சமாச்சாரம் இல்லை என்றார் டாக்டர். அந்த வாரமே முடிந்தது. வயது இருபத்தொன்பது.

சாவு வீடு பதுளையில், அவன் அப்பா வீட்டில். வந்த பெண்கள் எல்லோரும் அவனிடம் ஒன்றையே கேட்டார்கள். கடைசியா என்ன சொன்னா? அவன் சும்மா இருந்தான். அவன் சும்மா இருந்ததால் அவனுடைய பெரியம்மா பதில் சொல்லத் தொடங்கினாள். “நேரத்துக்குச் சாப்பிடுங்க, ஒடம்பப் பாத்துக்கங்கன்னு இவன் கையப் புடிச்சிச் சொல்லியிருக்கா.” முப்பத்தோராம் நாளுக்குள் அது இன்னும் வளர்ந்து, அடுத்த பிறவியிலும் நீங்கள்தான் என்பதுவரை போயிருந்தது. புவனேந்திரன் மறுக்கவில்லை. மறுத்தால் உண்மையில் என்ன சொன்னாள் என்று கேட்பார்கள்.

பெரியாயி மட்டும் நம்பவில்லை. போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“அவ அப்புடிப் பேசுற ஆளா மாப்புள? எனக்குத் தெரியாதா? என்னதான் சொன்னா?”

“ஒண்ணும் இல்ல அத்த.”

வருகிற ஞாயிறு வருசத் திவசம். இதை என் காம்பராவில்தான் செய்வேன் என்று பெரியாயி பிடிவாதமாக நின்றாள். மகள் கடைசியாகப் படுத்திருந்தது அங்கேதான். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவர் கடைசியாக எதைக் கேட்டாரோ அது படையலில் இருக்க வேண்டும். ஜீவராணியின் அப்பா அழகையா கடைசியாகக் கேட்டது சோடா. அதனால் ஒவ்வொரு வருடமும் அவர் இலைக்குப் பக்கத்தில் ஒரு சோடாப் போத்தல் நிற்கும். அதுவும் மூடியைத் திறந்து. மூடியோடு வைத்தால் அந்த மனுசன் எப்படிக் குடிப்பார் என்பாள் பெரியாயி.

“அத மட்டும் சொல்லுங்க மாப்புள. அவ என்ன கேட்டாளோ அத வைக்காம மத்தது எத வச்சாலும் தொட மாட்டா.”

புவனேந்திரன் சொல்லாமல் இருந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அவள் சொன்னது இலையில் வைக்கக்கூடியது இல்லை. அவ்வளவுதான்.

பூனாகலை ரோட்டில் கொஞ்ச தூரம் பஸ்ஸும் த்ரீவீலும் வந்தன. தோட்டத்துப் பலகையைத் தாண்டித் திரும்பியதும் சத்தம் அடங்கியது. முதலில் பழைய தார் ரோடு, ஓரம் உடைந்து, நடுவில் புல். பிறகு தாரும் தீர்ந்து கிரவல். மழை மேல்மண்ணை அரித்துக் கல்லை மட்டும் விட்டிருந்தது. டயருக்கடியில் கல் நொறுங்கும் சத்தம். இரண்டு பக்கமும் தேயிலை. பாதைக்குக் குறுக்கே வெட்டிய கான்களில் தண்ணீர் ஓடியது. அவற்றை நேராகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் முன்சக்கரம் மாட்டிக்கொள்ளும். வளைவுகளில் கல் ஓரமாக ஒதுங்கிக் குவிந்திருந்தது. அங்கே முன் பிரேக்கைத் தொடக் கூடாது. இறக்கத்தில் முழங்கையைத் தளர விட வேண்டும். வெளிநாட்டுக்காரர்களுக்குத் தினமும் சொல்கிற பாடம். வாய் சொல்லாவிட்டாலும் உடம்பு செய்தது.

இந்தப் பாதைகளில் பாதி ஜீவராணி காட்டியவை. லயத்தில் பிறந்தவளுக்கு எந்தக் குறுக்கு எங்கே போய் ஏறும் என்று தெரியும். போன் வரைபடத்தில் பாதை முடிந்துவிட்டதாகக் காட்டும் இடத்தில் அவள் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, தேயிலைக்குள் நுழைந்து மறுபக்கம் வருவாள். மேலே வந்து நின்று, “என்னங்க, பட்டதாரி, ஏறி வர்றீங்களா இல்ல ஆள் அனுப்பவா?” என்பாள்.

முச்சந்தியில் முனியாண்டிக் கல் வந்தது. சிவப்புத் துணி, சூலம், நனைந்த கற்பூரக் கரி. அந்தக் கல்லைத் தாண்டி யாரும் சைக்கிளில் உட்கார்ந்தபடி போவதில்லை. கல்யாணமான புதிதில் அவன் போனான். ஜீவராணி அவனை இறக்கத்தின் அடியிலிருந்து மறுபடி மேலே ஏற வைத்து, இறங்கி நடந்து கடக்க வைத்தாள். இப்போது அவன் இறங்கி நடந்தான். சனிக்கிழமை வருகிறவர்களையும் இங்கே இறக்கி நடக்க வைக்க வேண்டும் என்று போனில் குறித்துக்கொண்டான்.

அடுத்த மேட்டில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவனைத் தூரத்திலேயே கண்டுகொண்டார்கள்.

“ஏய், யாரு அது? நம்ம டீச்சர் வூட்டுக்காரரு இல்ல?”

“அவரேதான். என்னா சார், இம்புட்டு நாளா இந்தப் பக்கமே காணோம்? பாத மறந்து போச்சா?”

“பாத எங்கடி மறக்கும்? அதெல்லாம் அவரு போனுக்குள்ள இருக்கு.”

“அப்ப போனுக்குள்ளயே மேட்டையும் ஏறியிருக்கலாமே. எதுக்கு இப்புடி எளைக்கிறாரு?”

சிரிப்பு மேடு முழுக்க ஓடியது. “வாய் போதும், கை நடக்கட்டும்” என்று கங்காணி கத்தினார். அவரும் சிரித்துக்கொண்டுதான் கத்தினார். புவனேந்திரன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மிதித்தான். கடைசி வரிசையில் நின்ற ஒருத்தி, அவன் பக்கத்தில் வந்ததும் குரலை இறக்கிச் சொன்னாள்:

“பெரியாயி அக்கா இன்னைக்கி வேலைக்கிப் பேர் போடல சார். வூட்லதான் இருக்கு. மாவு இடிக்குது.”

அவன் பிரேக்கைப் பிடித்தான். பின்னால் திரும்பிப் பார்த்தான். திரும்பலாம். துருப்பிடித்துவிட்டது என்று ஷுக்ரியிடம் சொல்லலாம். ஆனால் பார்த்தது இத்தனை பேர். அவன் இங்கே வரை வந்து திரும்பினான் என்று சாயங்காலத்துக்குள் பணிய லயத்துக்குப் போய்விடும். மிதித்தான்.

லயம் இறக்கத்தின் முடிவில் இருந்தது. தகரக் கூரை மேல் கற்கள். ஓரத்தில் தண்ணீர் விழும் பீலி, கீழே ஒரு வாளி நிரம்பி வழிந்தது. பெரியாயியின் காம்பரா கடைசி. ஜீவராணி எப்போதும் சைக்கிளை அதன் வாசல் திண்ணையான இஸ்தோப்பின் சுவரில் வெளிப்பக்கமாகத்தான் சாய்த்து வைப்பாள். வேன் கிளம்பிய அன்றும் அங்கேதான் நின்றது. ஒரு வருடமாக அவன் கண்ணை மூடினால் அது அங்கேயே நின்று நனைந்தது.

சுவரில் சைக்கிள் இல்லை.

யாராவது எடுத்திருப்பார்கள். இல்லாவிட்டால் பழைய இரும்புக்காரனிடம் போயிருக்கும். அப்படியானால் நல்லது என்றுதான் முதலில் தோன்றியது.

பெரியாயி மாவுக் கையோடு வெளியே வந்தாள். அவனைப் பார்த்ததும் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

“வாங்க மாப்புள. கல்லு நொறுங்குற சத்தம் கேட்டுச்சு. அந்தச் சத்தம் கேட்டு ஒரு வருசமாச்சு. ஒலக்கைய அப்புடியே போட்டுட்டு எந்திரிச்சிட்டேன்.”

“பாத பாக்க வந்தேன் அத்த” என்றான். “அந்தச் சைக்கிள்...”

“உள்ள இருக்கு. வாங்க.”

உள்ளே கட்டிலை ஒட்டி அது நின்றது. உரப் பைகளைப் பிரித்துச் சேர்த்துத் தைத்து உறை போட்டிருந்தாள். அந்த அறையில் கட்டிலும் அலமாரியும் போக ஆள் நடக்கிற இடத்தை அது பிடித்திருந்தது. இரவில் எழுந்தால் சுற்றித்தான் வர வேண்டும். பெரியாயி உறையைத் தூக்கினாள். துரு இல்லை. ஹேண்டிலின் நடுவில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன.

“சரஸ்வதி பூசைக்கி வச்சது. கவ்வாத்துக் கத்திக்கி வச்சேன், கொழுந்துக் கூடைக்கி வச்சேன், இதுக்கும் வச்சேன். நல்லா வச்சிருக்கேன்ல?”

“நல்லா இருக்கு அத்த.”

“வெள்ளிக்கெழமைக்கி வெள்ளிக்கெழம செயினுக்கு எண்ண போட்டுருவேன். அவ போடுறதப் பாத்துருக்கேன்ல.”

அவன் குனிந்து மிதியைச் சுற்றினான். சுற்றவில்லை. கொஞ்சம் பலமாகத் தள்ளினான். செயின் ஒரே தடியாக அசைந்து நின்றது. கண்ணிகளுக்கிடையில் மெழுகு ஊற்றியதுபோல் வெள்ளையாக எதுவோ உறைந்திருந்தது. விரலால் சுரண்டி மோந்து பார்த்தான்.

“தேங்காயெண்ணெயா?”

“ஆமாங்க. ஏன், அது ஆகாதா?”

“இந்தக் குளிருக்கு ஒறஞ்சிரும் அத்த. வருசம் பூரா போட்டதெல்லாம் உள்ள கட்டியாயிருச்சி.”

பெரியாயி செயினைப் பார்த்தாள். முகம் சுருங்கியது. “அவ தலைக்கி வைக்கிற போத்தல்தான். பாதி அப்புடியே இருந்துச்சு. வேற எதுக்குத் தொடுறதுன்னு இதுக்குப் போட்டேன்.”

புவனேந்திரன் விரலைப் பார்த்தான். அதை எங்கும் துடைக்கவில்லை.

“பரவால்ல. துரு புடிக்காம அதுதான் காப்பாத்தியிருக்கு. கொஞ்சம் சுடுதண்ணி குடுங்க.”

சைக்கிளை இஸ்தோப்புக்குத் தூக்கி வந்து கவிழ்த்து வைத்தான். பெரியாயி கேத்தலோடு வந்தாள். ஒரு பழைய பல்விளக்கும் பிரஷ்ஷும் கொடுத்தாள். அவள் ஊற்ற, அவன் தேய்த்தான். வெள்ளைக் கட்டிகள் உருகி, தண்ணீரில் கண் கண்ணாக மிதந்து கானுக்குள் இறங்கின. ஈரச் சுவரோரம் தலைக்கு வைக்கும் எண்ணெயின் வாசம் வந்தது.

“சனிக்கிழம ஒரு ஆளுக்கு இது வேணும் அத்த. அதான் வந்தேன்” என்றான்.

“யாரு ஏறுவா?”

“ஒரு வெளிநாட்டுக்காரி. நம்ம ஜீவா ஒசரம்தான்.”

“ஒழுங்கா ஓட்டுவாளா? பள்ளத்துல கொண்டு போயி வுட்றப் போறா.”

“நான் கூடத்தான் போவேன்.”

“அப்பச் சரி. ஞாயித்துக்கெழம காலையில இது இங்க இருக்கணும்.” கேத்தலை நிமிர்த்தினாள். “மாப்புள, ஒண்ணு கேக்குறேன். இன்னைக்கிப் போனு இல்ல, எதுத்தாப்புல இருக்கீங்க. ஒண்ணும் இல்லன்னு சொல்லாதீங்க.”

அவன் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“பசிக்கிதுன்னு சொன்னாளா?”

கை நின்றது. நிமிர்ந்து பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, செயினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கி ஞாயித்துக்கெழம. கைக்காசுக்குக் கொழுந்து எடுக்க விட்டாங்க. விடியக் காலையில எழுப்புனேன். தல வலிக்கிதும்மா, சுடுசோறு ஆக்கித் தர்றியான்னா. பெரட்டுல போயி பேர் குடுக்க நேரமாச்சு, ராத்திரி ரொட்டி இருக்கு, தின்னுட்டுப் படுன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். திரும்பி வந்து பாக்குறேன், ரொட்டி அப்புடியே மூடி இருக்கு. வெறும் வயித்தோட போயிருக்கா மாப்புள. வேனுல ஒங்ககிட்ட சோறு கேட்டாளா? கேட்டுருந்தா சொல்லிருங்க. நான் என்னன்னு படைக்கிறது?”

ஒரு வருடமாக அவள் எதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று புவனேந்திரனுக்கு இப்போதுதான் விளங்கியது. எல்லோரையும் போல மகளின் நல்ல வார்த்தை ஒன்றுக்காகக் கேட்கிறாள் என்றுதான் நினைத்திருந்தான்.

“இல்ல அத்த. பசிக்கிதுன்னு சொல்லல. சோறும் கேக்கல.”

“எனக்காகச் சொல்றீங்க.”

“இல்ல.” பிரஷ்ஷைக் கீழே வைத்தான். “இத எப்ப உள்ள எடுத்து வச்சீங்க?”

“எத?”

“சைக்கிள.”

“அன்னைக்கேதான். மேல் மலையில நிக்கிறேன், டீச்சரத் தூக்கிட்டுப் போறாங்கன்னு ஆள் வந்து சொல்லுது. கூடையப் போட்டுட்டு ஓடி வர்றேன். வந்து சேரையில வேன் போயிருச்சு. மழ புடிச்சிருச்சு. இங்கன யாரும் இல்ல, இது மட்டும் செவுத்துல சாஞ்சி நிக்கிது. என்னா செய்றதுன்னு தெரியல. சரி, இது நனையுதேன்னு எடுத்து உள்ள வச்சேன்.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “அதுக்கும் இதுக்கும் என்னா மாப்புள? அவ என்னா கேட்டா, அதச் சொல்லுங்க.”

புவனேந்திரன் மிதியை மெதுவாகத் தள்ளினான். செயின் ஓடியது. பின்சக்கரம் சுற்றியது. அதைச் சுற்ற விட்டான்.

அன்று ஷுக்ரி வேனைத் திருப்பி மேட்டில் ஏற்றும்போது ஜீவராணியின் தலை அவன் மடியில் இருந்தது. பீலிக்குப் பக்கத்தில் ஒரு கானில் சக்கரம் இறங்கி ஏறியது. அவள் கண்ணைத் திறந்தாள். கண்ணாடி வழியாக லயத்தைப் பார்த்தாள், பிறகு வானத்தைப் பார்த்தாள். மேல் மலையில் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் சொன்னது முன்னால் இருந்த ஷுக்ரிக்குக் கேட்கவில்லை. அவ்வளவு சின்னக் குரல். அவன் சரி என்றான். அவள் கண்ணை மூடினாள். அதன் பிறகு பேசவில்லை. அவன் சொன்ன சரியை, சொல்ல வேண்டிய ஆளிடம் இன்று வரை கொண்டு போய்ச் சேர்க்கவில்லை.

இப்போது சொன்னான். கூட்டாமல், குறைக்காமல், அவள் சொன்ன மாதிரியே.

“அம்மாட்டச் சொல்லுங்க, மழ வரப் போகுது, சைக்கிள உள்ள எடுத்து வைக்கச் சொல்லி.”